உயிரியல் பாடத்துக்கு ஒரு காணிக்கை

அஸ்தினாபுரம்
10-6-2007, ஞாயிறு

பிரெடி,

முதலில் உட்கார். நின்றுகொண்டே படிக்காதே. போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை. "சரிம்மா, சரிம்மா, ஜோதிகிட்ட குடு" என்கிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஹெப்சியின் மார்க்கை ஜோதி சொல்லியிருப்பாள். ஆனால் உன் பெண்டாட்டி எதையும் அளந்துதான் சொல்வாள். நான் சொல்கிறேன் கேள். உன் மகள் பத்தாவதில் பள்ளிக்கூடத்துக்கே இரண்டாவது. அறிவியலில் அவள்தான் முதல். இன்டர்நெட் கடையில் எடுத்த மார்க் தாளை ஜெராக்ஸ் போட நானே கொண்டுபோனேன். கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யார் வூட்டுப் பொண்ணும்மா இது?" என்றார். அப்படிக் கேட்கட்டும் என்றுதானே ஜோதியை அனுப்பாமல் நான் போனேன்.

நீ சொன்னபடி பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் குரூப்பில் சேர்த்தாயிற்று. கெட்டிக்காரப் பிள்ளைகளை அதில்தான் போடுகிறார்களாம். எனக்கும் திருப்திதான். குரோம்பேட்டையில் எனக்கு ஸ்கேன் எடுத்தார்களே, அங்கே அந்த டாக்டரம்மா முழு நேரமும் கம்ப்யூட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இந்தக் காலத்து டாக்டருக்கு அதுதான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இனிதான் முக்கியமான செய்தி. இன்று ஆராதனையில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களை வாசிக்கும்போது ஆயர் என் கவரை எடுத்தார். "பேத்தி ஹெப்சி டாக்டருக்குப் படிக்கப்போவதற்காக, பாட்டி புஷ்பம் அம்மாள்" என்று மைக்கில் வாசித்தார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் புதிதாய் இஸ்திரி போட்ட புடவையில் இருந்தேன். வெளியே வந்ததும் அம்மணி அக்கா ஹெப்சியைப் பிடித்துக்கொண்டு, வேப்பமரத்தடியில் முழங்காலைக் காட்டி, "இங்க தொட்டா வலிக்குது டாக்டரம்மா, இன்னா பண்றது?" என்று கேட்டாள். பிள்ளைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. வெட்கம்தான்.

நீ அங்கே உன் கூட்டாளிகளுக்கு ஏதாவது இனிப்பு வாங்கிக் கொடு. காரணத்தையும் சொல்லிக் கொடு.

அம்மா


மஸ்கட்
19-6-2007

அம்மாவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்ததும் எழுந்துவிட்டேன்.

ஹெப்சி டாக்டருக்குப் படிக்கப்போகிறாள் என்று உனக்கு யார் சொன்னது? மெடிக்கலுக்கு அப்ளை பண்ண வேண்டும் என்றால் பிளஸ் ஒன்னிலும் பிளஸ் டூவிலும் பயாலஜி படித்திருக்க வேண்டும் அம்மா. கம்ப்யூட்டர் குரூப்பில் பயாலஜியே கிடையாது. அவள் எவ்வளவு மார்க் வாங்கினாலும் அந்த அப்ளிகேஷனை வாங்கிப் பார்க்கக்கூட மாட்டார்கள். இது தெரியாமல் மைக்கில் வாசிக்கக் கொடுத்திருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் அந்தச் சர்ச்சுக்குத்தானே வருகிறார்கள்? அவள் முகம் சிவந்தது வெட்கத்தில் இல்லை. அவமானத்தில்.

நான் யோசிக்காமல் அந்தக் குரூப்பைச் சொல்லவில்லை. இங்கே ஸ்டோரில் எனக்கு மேலதிகாரியாக வந்திருக்கிற பையனுக்கு மீசை இப்போதுதான் முளைக்கிறது. அவன் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பட்டனைத் தட்டுகிறான். நான் யார்டில் வெயிலில் நின்று பைப் எண்ணுகிறேன். வித்தியாசம் கம்ப்யூட்டர் ஒன்றுதான். ஹெப்சி இன்ஜினீயரிங் முடித்து நேராக வேலைக்குப் போகட்டும். டாக்டர் படிப்பு படித்துக்கொண்டே இருக்கிற படிப்பு. அதற்குள் நான் கிழவனாகிவிடுவேன்.

ஸ்கேன் எடுக்கிற டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்ததை வைத்து முடிவு பண்ணியிருக்கிறாயே, அதைப் படித்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இனிப்பு வாங்கவில்லை.

பிரெடி


அஸ்தினாபுரம்
27-6-2007

பிரெடி,

உன் கடிதம் வந்த அன்று நான் சாப்பிடவில்லை. அடுத்த நாள் இரண்டு பங்கு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். எங்கே போனேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சர்ச்சுக்கு. சாலமோனிடம், அதுதான் நம் சபைச் செயலாளர், விஷயத்தைச் சொல்லி, காணிக்கை அறிவிப்பைத் திருத்தி வாசிக்க முடியுமா என்று கேட்டேன். "ஆண்டவர்கிட்ட போனத ரிட்டர்ன் வாங்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். சிரிக்கட்டும். அவன் சிறுவயதில் ஞாயிறு பள்ளிக்குச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தவன்.

அடுத்து சம்பத் சார் வீட்டுக்கு. ஹெப்சி பள்ளிக்கூடத்தில் பயாலஜி நடத்துகிறவர், அடுத்த தெருதான். நீ சொன்னது சரிதான் என்றார். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி மூன்றும் இல்லாமல் மெடிக்கல் வாசலைத் தாண்ட முடியாதாம். நுழைவுத் தேர்வை இந்த வருஷம் எடுத்துவிட்டார்களாம், இனி பிளஸ் டூ மார்க்குதானாம். "உங்க பேத்தி கம்ப்யூட்டர் குரூப் போனது எனக்கு வருத்தம்தாம்மா. என் லேபுக்கு வந்து ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டுப் போகுது" என்றார். அது என் மனதில் தைத்தது.

அப்புறம் ஒன்று சொன்னார். கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி என்று நாலும் சேர்ந்த குரூப் ஒன்று இருக்கிறதாம். அதைப் படித்தால் டாக்டருக்கும் போகலாம், இன்ஜினீயரிங்குக்கும் போகலாம். கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங்குக்கே போகலாமாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் மாடியில் குடியிருக்கிற பிரேம் தரமணியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறானே, அவனை மாடிப்படியிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"பாட்டி, நான் பிளஸ் டூல கம்ப்யூட்டரே படிக்கல. பயாலஜிதான். எங்க டீம்ல பாதிப் பேரு அப்படித்தான்."

"கம்ப்யூட்டர் படிக்காம எப்படிடா உன்னக் கம்ப்யூட்டர் காலேஜ்ல சேத்தாங்க?"

"அவங்களுக்கு மேத்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி இருந்தாப் போதும் பாட்டி. கம்ப்யூட்டர அவங்களே சொல்லிக் குடுப்பாங்க."

பார்த்தாயா? டாக்டருக்குப் பயாலஜி வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் வேண்டாம் என்பது உனக்குத் தெரியவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள். நீ பி.காம். அதை நான் பெரிதாக எடுத்துச் சொல்லவில்லை, சும்மா ஞாபகப்படுத்துகிறேன்.

அந்த வேகத்திலேயே ஜோதியை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தேன். அந்தக் குரூப் நிரம்பிவிட்டதாம். ஆனால் அதில் படிக்கிற ஒரு விமானப்படைக்காரர் மகள், அப்பாவுக்கு மாற்றல் என்று ஜூலை கடைசியில் டி.சி. வாங்கப்போகிறாள். அந்த இடத்தைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஹெப்சியின் அறிவியல் மார்க்கைப் பார்த்துவிட்டு, "இவளுக்குத்தான் முதல்ல. ஆனா கம்ப்யூட்டர் குரூப்னு கேட்டு எழுதிக் குடுத்தது இவங்க அப்பா. அவரோ அம்மாவோ மாத்தி எழுதிக் குடுக்கணும். பாட்டி குடுத்தா செல்லாது" என்றார்கள்.

நான் ஜோதியைப் பார்த்தேன். பேனா அவள் கையிலேயே இருந்தது. "அவர் சொல்லாம நான் போட மாட்டேன் அத்தை" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை நான் அவளோடு பேசவில்லை. அப்புறம் பஸ்ஸில் அவள்தான் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள், என்ன செய்வது.

ஒரு வரி எழுதி அனுப்பு, பிரெடி. இந்த மாற்றத்துக்கு எனக்குச் சம்மதம் என்று ஒரே வரி. கம்ப்யூட்டரும் கைவிட்டுப் போகாது.

அம்மா


மஸ்கட்
4-7-2007

அம்மாவுக்கு,

பிரேம் சொன்னதை இங்கே ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். சரிதான் என்றார். எனக்குத் தெரியவில்லைதான். அதை நீ சபையில் வாசிக்கக் கொடுத்துவிடாதே.

ஆனால் எனக்கு வேறு கவலை. நான் லீவில் வந்திருந்தபோது தேங்காய் உடைக்கப் போய் அரிவாள் கட்டை விரலில் இறங்கியது, ஞாபகம் இருக்கிறதா? ஹெப்சி அப்போது நாலாவது. ரத்தத்தைப் பார்த்த உடனே சமையலறை வாசலில் அப்படியே விழுந்துவிட்டாள். எனக்குக் கட்டுப் போடுவதை விட்டுவிட்டு எல்லோரும் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தீர்கள். மீன் கழுவும்போதுகூட அவள் அந்தப் பக்கம் வரமாட்டாள் என்று நீயே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். அந்தப் பிள்ளையையா ஆளை அறுக்கிற படிப்புக்கு அனுப்பச் சொல்கிறாய்? போய்ப் பாதியில் பயந்து திரும்பி வந்தால் யார் அவளைத் தேற்றுவது? நான் இங்கே இருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். கோபப்படாதே. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் ஹெப்சியிடம் கேட்கிறேன். கம்ப்யூட்டர் கிளாஸ் நன்றாக இருக்கிறது அப்பா என்றுதான் சொல்கிறாள். ஒரு நாள்கூட டாக்டர் என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. உன் இரண்டு கடிதத்திலும் நீ யார் யாரையோ கேட்டிருக்கிறாய். சாலமோனை, சம்பத் சாரை, மாடிவீட்டுப் பையனை. அவளைக் கேட்டாயா? இது அவள் ஆசையா, உன் ஆசையா?

அது தெரியாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பிரெடி


அஸ்தினாபுரம்
11-7-2007

பிரெடி,

நீ கேட்டது நியாயம். நான் அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் ஊறுகாய் ஜாடியைத் திறந்து, எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் மூடி வைத்தேன்.

மாலையில் ஹெப்சி வந்ததும் உன் கடிதத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தேன். படித்தாள். மடித்து என்னிடமே நீட்டினாள். "ஏன்டி, அப்பா கேட்டா கம்ப்யூட்டர் நல்லா இருக்குன்னு சொல்றியாமே. அப்போ அதானே உனக்குப் புடிச்சிருக்கு? சொல்லிடு. நான் அம்மணி அக்கா முட்டிக்குப் பதில் சொல்லிக்கறேன்" என்றேன்.

அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன்:

"அப்பா வாரத்துல ஒரு நாள்தான் பேசறாரு ஆயா. அதுவும் கொஞ்ச நேரம். அதுலயும் சண்ட போடச் சொல்றியா? அவருக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு சொன்னேன்."

பிறகு உள்ளே போய்ப் பையிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துவந்தாள். பயாலஜி. சம்பத் சாரிடம் கேட்டு வாங்கி, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, மேலே கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எழுதி வைத்திருக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து அதைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான்தான், கம்ப்யூட்டரை இப்படி விழுந்து விழுந்து படிக்கிறாளே என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரத்தத்தைப் பற்றியும் கேட்டேன். காலையில் அங்காளம்மா வரட்டும் என்றாள்.

கோவளத்திலிருந்து மீன் கூடையோடு வருவாளே, அந்த அங்காளம்மா. அவள் வந்ததும் ஹெப்சி அரிவாள்மணைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, "அக்கா, இந்தக் கொடுவா மீன நான் வெட்டறேன்" என்றாள். அங்காளம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜோதியைப் பார்த்தேன். ஜோதி தண்ணீர்ச் சொம்போடு தயாராக நின்றாள்.

பிள்ளைக்கு மீன் வெட்ட வரவில்லை, பிரெடி. அதை மறைக்க மாட்டேன். செதிலெல்லாம் சுவரில் தெறித்தது. ஆனால் பாதியில் விடவில்லை. வயிற்றுப் பக்கம் கீறி, செவுளை விலக்கி, ஒவ்வொன்றாய் எடுத்து வாழை இலையில் வரிசையாக வைத்தாள். கையெல்லாம் ரத்தம். மீன் பக்கமே வராத பிள்ளை, மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

"இன்னா பெரீம்மா, இது கொயம்புக்கு வெட்றதா, கண்காட்சிக்கு வெட்றதா? மீனு கெட்டுப் பூடும்" என்றாள் அங்காளம்மா.

"இரு அக்கா. இது பாரு, இதான் ஹார்ட். நமக்கு நாலு ரூம். மீனுக்கு ரெண்டே ரூம்."

"அட, இதான் நெஞ்சா? இத்தினி நாளா இத்த நான் பூனைக்கில்ல போட்டுகினு கீறேன். ரெண்டு ரூம் வூட்ல ஒரு மீனே வாழுது, நாங்க ஒரே ரூம்ல ஏழு பேரு கீறோம்."

ஜோதி சிரித்துச் சிரித்துச் சொம்புத் தண்ணீரைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டாள். ஹெப்சி அந்தக் கையோடு போய்ச் சர்ச் அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் அந்த இதயத்தைப் படமாக வரைந்தாள். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஓரத்தில் இருக்கிற கறை அவள் கட்டை விரல். பளபளவென்று ஒட்டியிருப்பது செதில். துடைக்கப் போனேன், விட்டுவிட்டேன்.

குழம்பு சுமார்தான். துண்டெல்லாம் கோணல்.

சாப்பிடும்போது நான் விடவில்லை. "அப்போ அன்னைக்கு அப்பா கையில வெட்டு பட்டப்போ மட்டும் ஏன்டி விழுந்தே?" என்று கேட்டேன்.

"ரத்தத்தப் பாத்து விழல ஆயா. அது அப்பாவோட ரத்தம்" என்றாள். சொல்லிவிட்டு முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இனி நான் எதுவும் சொல்வதற்கில்லை. நீயே முடிவு செய்.

அம்மா


மஸ்கட்
18-7-2007

அம்மாவுக்கு,

கவரைப் பிரித்ததும் ரூம் முழுக்க மீன் வாடை. கூட இருக்கிற திருச்சூர்க்காரர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கிறார். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, எழுதியிருக்கிற பெயரெல்லாம் சரி என்றார். எனக்கு எது சரி, எது தப்பு என்று தெரியவில்லை. நான் அந்தக் கட்டை விரல் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் இப்போது என் கட்டிலுக்கு மேலே சுவரில் இருக்கிறது. செதில் விழாமல் மேலே டேப் ஒட்டியிருக்கிறேன்.

தபால் போய்ச் சேருவதற்குள் வேறு யாராவது அந்த இடத்தைக் கேட்டு வாங்கிவிடுவார்களோ என்று பயம் வந்துவிட்டது. அதனால் இன்று காலையே ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன் பண்ணிப் பேசிவிட்டேன். "உங்க அம்மா தினமும் வந்து அந்தப் பொண்ணு டி.சி. வாங்கிடுச்சான்னு வாட்ச்மேன்கிட்ட விசாரிக்கறாங்க சார்" என்றார்கள். அதை நீ எந்தக் கடிதத்திலும் எழுதவில்லையே. ஜோதியே கையெழுத்துப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டேன். ஜோதிக்கும் சொல்லியாயிற்று. என் கையெழுத்தோடு ஒரு கடிதமும் இதில் இருக்கிறது. உனக்காகத்தான். நீ கேட்டது ஒரு வரி. நான் ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஹெப்சியிடம் சொல், வெள்ளிக்கிழமை சண்டை போடலாம் என்று. அதற்கும் சேர்த்துப் போன் கார்டு வாங்கிக்கொள்கிறேன்.

உனக்கு ஒரு நிபந்தனை. மார்க் இருக்கிறது, கவுன்சிலிங் இருக்கிறது, இன்னும் எவ்வளவோ இருக்கிறது. முன்கூட்டியே டாக்டர் காணிக்கை இனிமேல் போடாதே.

இன்று இனிப்பு வாங்கினேன். காரணத்தையும் சொன்னேன். மீன் வெட்டியதற்கா என்று எல்லோரும் கேட்டார்கள்.

பிரெடி


அஸ்தினாபுரம்
29-7-2007, ஞாயிறு

பிரெடி,

விமானப்படைக்காரர் மகள் புதன்கிழமை டி.சி. வாங்கினாள். நல்ல பிள்ளை, போகும்போது தன் ரெக்கார்டு நோட்டை ஹெப்சியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வியாழக்கிழமை ஹெப்சி அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். சம்பத் சார், "இனிமே ஜன்னல் வழியா பாக்க வேண்டாம், கதவு வழியா வா" என்றாராம். விட்டுப்போன பாடத்தையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் டி.வி. போட விடுவதில்லை. எனக்குச் சீரியல் போயிற்று. போகட்டும்.

உன் நிபந்தனையைக் காப்பாற்றினேன். டாக்டர் என்று ஒரு எழுத்துகூட எழுதவில்லை. ஆனால் ஆண்டவரிடம் வாங்கிக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கவரில் நானே எழுதிக் கொடுத்தேன். இன்று ஆயர் எடுத்து வாசித்தார்: "பேத்தி ஹெப்சிக்கு உயிரியல் பாடம் கிடைத்ததற்காக, பாட்டி புஷ்பம் அம்மாள்." வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று. பின்வரிசையில் இளவட்டங்கள் சிரித்தார்கள். ஹெப்சியும் அவர்களோடு உட்கார்ந்து சிரித்தாள். இந்த முறை முகம் சிவக்கவில்லை.

வெளியே சாலமோன் பிடித்துக்கொண்டான். "கல்யாணத்துக்குக் காணிக்கை பாத்திருக்கேன், வீடு கட்னதுக்குப் பாத்திருக்கேன். பாடத்துக்கெல்லாமா காணிக்கை?"

"டாக்டர்னு போட்டப்போ நீங்க யாரும் சிரிக்கல. அன்னைக்குத்தான்டா சிரிச்சிருக்கணும்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே மெதுவாக வந்து, அவன் மகன் அடுத்த வருஷம் பத்தாவதாம், எதற்கு எந்தக் குரூப் எடுக்க வேண்டும் என்று கேட்டான். சம்பத் சார் வீட்டைக் காட்டி அனுப்பினேன். எனக்குத் தெரிந்ததை நான் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஸ்கேன் ஞாபகம் வந்தது.

நீ எழுதி அனுப்பிய கடிதம் பள்ளிக்கூடத்துக்குத் தேவைப்படவில்லை. என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. டாக்டர் காணிக்கை உன்னுடையது. அது வரும்போது நீ இங்கே வந்து உன் கையால் கவரில் எழுது. அதுவரைக்கும் நான் வேறு எதற்காவது போட்டுக்கொண்டிருப்பேன், ரெக்கார்டு நோட்டு முடிந்ததற்கு, மாத டெஸ்டுக்கு. அதற்கெல்லாம் நீ நிபந்தனை போடவில்லை.

அங்காளம்மா இப்போது மீன் நெஞ்சைப் பூனைக்குப் போடுவதில்லை. இலையில் கட்டி ஹெப்சிக்கென்று கொண்டுவருகிறாள். பூனை எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து முறைக்கிறது.

அம்மணி அக்காவைச் சொல்ல மறந்துவிட்டேன். இன்றும் அதே வேப்பமரத்தடியில் ஹெப்சியை நிறுத்தி, "அப்போ நீ இன்னும் டாக்டர் இல்லியா? என் முட்டிய யார்தான் பாக்கறது?" என்று கேட்டாள்.

ஹெப்சி குனிந்து அவள் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். நிமிர்ந்து, "இப்போதைக்கு மீன்தான் பாட்டி படிச்சிருக்கேன்" என்றாள். "அதுக்கு முட்டி இல்ல. கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

அம்மா